ஆர்லிங்டன் மாளிகை லீயின் சொத்தே அல்ல

கேள்வி: வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வர்ஜீனியாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். குன்றின் உச்சியில், கல்லறைகளுக்கு நடுவே, பெரிய பெரிய தூண்களோடு ஒரு வீடு நிற்கிறது. உள்நாட்டுப் போரில் அரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி ராபர்ட் லீயின் வீடாம். அவரைப் பழிவாங்கத்தான் வாசலிலேயே பிணங்களைப் புதைத்தார்கள் என்கிறாள் மகள். அதெல்லாம் இல்லை, 92 டாலர் வரி பாக்கிக்காகச் சட்டப்படி ஏலம் போன சொத்து என்கிறார் மருமகன். எத்தனையோ ஜப்தி நோட்டீஸ் எழுதியவள் நான். 92 டாலருக்கு 1,100 ஏக்கரா? யார் சொல்வது சரி? எதிர்த்துப் போரிட்டவரைத் தண்டிக்காமல், அவர் பெயரிலேயே நினைவில்லம் வைத்திருப்பது ஏன்? ஒரு பகுதியில் மட்டும் கல்லறைக் கற்களின் முனை கூராக இருந்ததே, அது எதற்கு? ஊர் திரும்பும் முன் மறுபடியும் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.
– வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள அம்மா,

மகளும் மருமகனும் ஆளுக்குப் பாதி சரி. ஆனால் இருவருமே வீடு லீயுடையது என்பதில் தொடங்குகிறார்கள். உங்கள் துறையில் முதலில் கேட்பது மூலப் பத்திரம்தானே? நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். அமெரிக்க வரலாறு நடத்தும் வகுப்புகளில்கூட இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

அந்த வீட்டைக் கட்டியவர் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகனின் மகன். தகப்பன் சின்ன வயதிலேயே இறந்துவிட, வாஷிங்டன் வீட்டில் வளர்ந்தவர். 1802இல் தொடங்கி 1818 வரை கட்டினார். வாஷிங்டன் படுத்த கட்டில், போர்க்களக் கூடாரம், பீங்கான் பாத்திரங்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, வளர்த்தவருக்கு ஒரு கோயிலைப் போலவே அதை வைத்திருந்தார். பொடோமாக் ஆற்றின் அக்கரையில் தலைநகரிலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டும் என்றுதான் அவ்வளவு பருத்த தூண்கள்.

அவருடைய மகள் மேரியை 1831இல் அதே வீட்டில் மணந்தவர் ராணுவ அதிகாரி ராபர்ட் லீ. 1857இல் கஸ்டிஸ் இறந்தபோது உயில் தெளிவாகவே இருந்தது. ஆர்லிங்டனில் மேரிக்கு ஆயுட்கால அனுபவ உரிமை மட்டும். அவருக்குப் பின் சொத்து மூத்த பேரனுக்கு, அதாவது ஜார்ஜ் வாஷிங்டன் கஸ்டிஸ் லீக்கு. மருமகன் லீ உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர், அவ்வளவுதான். ஆர்லிங்டனில் ஒரு சென்ட் நிலம்கூட எந்தக் காலத்திலும் அவர் பெயரில் இருந்ததில்லை.

இனி வரி. 1861 ஏப்ரல் 20 அன்று லீ ஒன்றிய ராணுவத்திலிருந்து விலகினார். இரண்டு நாளில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, வர்ஜீனியாவின் படைகளுக்குத் தலைமை ஏற்கப் போனார். மே மாதம் மேரியும் கிளம்பினார். மே 24 அன்று அதிகாலையில் வடக்கின் படை, அதாவது ஒன்றிய அரசின் படை, ஆற்றைக் கடந்து குன்றைப் பிடித்துக்கொண்டது. இதில் பழிவாங்கல் எதுவும் இல்லை. அந்த உயரத்தில் எதிரி ஒரு பீரங்கியை நிறுத்தினால் வெள்ளை மாளிகையையே குறிவைக்கலாம். எந்தத் தளபதியாக இருந்தாலும் முதலில் அதைத்தான் பிடித்திருப்பார்.

பிரிந்துபோன தெற்கின் கிளர்ச்சி மாகாணங்களில் நிலவரி வசூலிக்க 1862இல் ஒரு சட்டம் வந்தது. ஆர்லிங்டனுக்கு வந்த வரி 92 டாலர் 7 சென்ட். மேரி அப்போது போர்முனைக்கு அந்தப் பக்கம், எதிரிப் பகுதியில் இருந்தார். மூட்டுவாதத்தால் நடமாட முடியாத நிலை. ஆகவே ஃபெண்டால் என்ற உறவினர் பணத்தை எடுத்துக்கொண்டு அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்த வரி ஆணையர்களிடம் போனார். வாங்க மறுத்துவிட்டார்கள். உரிமையாளர் நேரில் வந்து கட்ட வேண்டும் என்பது அவர்களே வகுத்துக்கொண்ட நடைமுறை. சட்டத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. 1864 ஜனவரியில் ஏலம் நடந்தது. கேட்டது ஒரே ஒருவர், அரசாங்கம். 34,100 டாலர் என்று மதிப்பிடப்பட்ட சொத்து 26,800 டாலருக்குப் போனது.

நோட்டீஸ் எழுதிய உங்களுக்கு இதில் எங்கே ஓட்டை என்று இதற்குள் தெரிந்திருக்கும். பாக்கிதாரர் பணத்தை நீட்டுகிறார், அலுவலகம் வாங்க மாட்டேன் என்கிறது, பிறகு பணம் கட்டவில்லை என்று ஏலம் விடுகிறது. உங்கள் மருமகன் சொல்லும் அந்த 92 டாலர் உண்மை. சட்டப்படி என்பதுதான் இடிக்கிறது. அதற்கு நீதிமன்றம் பதில் சொல்ல 18 ஆண்டுகள் ஆயின.

கல்லறை எப்படி வந்தது? 1864 மே மாதம் வர்ஜீனியாவில் வடக்கின் தளபதி கிராண்டும் லீயும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். வில்டர்னஸ், ஸ்பாட்சில்வேனியா என்று அடுத்தடுத்துச் சண்டைகள். வாஷிங்டன் நகர ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன, இருந்த இடுகாடுகளில் இடமில்லை. மே 13 அன்று ஆர்லிங்டனில் முதல் சிப்பாயைப் புதைத்தார்கள். பென்சில்வேனியாக்காரரான வில்லியம் கிறிஸ்ட்மன், நோயில் இறந்தவர். புதைத்த இடம் மாளிகையிலிருந்து தள்ளி, வடக்கு ஓரத்தில்.

பழிவாங்கும் குணம் உள்ளே நுழைவது அடுத்த மாதம். படைத் தளவாடங்களுக்குத் தலைமை வகித்தவர் மாண்ட்கோமரி மெய்க்ஸ். ஜார்ஜியாவில் பிறந்தவர், ஆனால் வடக்கோடு நின்றவர். இளம் வயதில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் லீயின் கீழேயே பொறியாளராக வேலை பார்த்தவர். ராணுவ உறுதிமொழியை மீறி எதிர்ப்பக்கம் போன பழைய சகாக்கள் மீது அவருக்கு இருந்த கோபம் சாதாரணமானதல்ல. ஜூன் 15 அன்று போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனுக்குக் கடிதம் எழுதினார்: மாளிகையைச் சுற்றியுள்ள நிலத்தைத் தேசியக் கல்லறையாக்க வேண்டும். அன்றே ஒப்புதல் கிடைத்தது. தள்ளிப் புதைத்தது போதாதென்று, அதிகாரிகளின் உடல்களை மேரியின் ரோஜாத் தோட்டத்தை ஒட்டியே புதைக்க வைத்தார். 1866இல் போர்க்களங்களில் பொறுக்கியெடுத்த, பெயர் தெரியாத 2,111 பேரின் எலும்புகளை அதே தோட்டத்தருகே ஒரே குழியில் இறக்கி, மேலே கல் கட்டினார். சொத்தைப் பறிப்பதோடு அவர் மனம் நிறையவில்லை. அந்தக் குடும்பம் இனி அங்கே குடியிருக்கவே முடியாதபடி செய்வதுதான் நோக்கம். இந்த மட்டில் உங்கள் மகள் சொல்வது சரி.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். மெய்க்ஸின் மகன் போரில் கொல்லப்பட்டதால்தான் அவர் இப்படிச் செய்தார் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் உருக்கமாகக் கதை சொல்வதுண்டு. மகன் ஜான் இறந்தது 1864 அக்டோபரில். கடிதம் எழுதியது ஜூனில். இந்தப் போரைப் பற்றிய கதைகளில் பாதி, நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்தால் நிற்காது. ஜானும் அங்கேதான் அடக்கம். குண்டுபட்டு மண்ணில் கிடந்த கோலத்தை அப்படியே வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள். தகப்பனும் 1892இல் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார்.

லீ 1870இல் இறந்தார். 1873இல் மேரி ஒரு முறை ஆர்லிங்டனைப் பார்க்க வந்தார். வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. சில மாதங்களில் அவரும் போய்ச் சேர்ந்தார். உயில்படி உரிமை இப்போது மூத்த மகன் கஸ்டிஸ் லீயிடம். அவரும் கிளர்ச்சிப் படையில் தளபதியாக இருந்து பிடிபட்டவர்தான். 1877இல் அவர் வழக்குப் போட்டார். இறையாண்மையுள்ள அரசின் மீது அதன் அனுமதியில்லாமல் வழக்கே தொடர முடியாது என்று அரசுத் தரப்பு வாதாடியது. 1882 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கஸ்டிஸ் லீ பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சாமுவேல் மில்லர், லிங்கன் நியமித்தவர். நீட்டிய வரியை வாங்க மறுத்துவிட்டு நடத்திய ஏலம் செல்லாது என்றார். இந்த நாட்டில் சட்டத்துக்கு மேற்பட்ட உயரத்தில் எவரும் இல்லை என்றும், அரசு அதிகாரி என்ற பெயரில் ஒருவர் பிறர் நிலத்தில் உட்கார்ந்துகொண்டால் நீதிமன்றம் கேள்வி கேட்கும் என்றும் எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்தியவர், அதே அரசின் நீதிமன்றத்தில், அந்த அரசையே தோற்கடித்தார். அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் வழக்குகளில் எடுத்துக்காட்டுகிறார்கள். எங்கள் வகுப்பில் இதைச் சொன்னதும் மாணவர்கள் அடுத்துக் கேட்பது ஒன்றே: அப்படியானால் ஆயிரக்கணக்கான பிணங்களைத் தோண்டியெடுத்தார்களா? இல்லை. கஸ்டிஸ் லீ நிலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, விலையை வாங்கிக்கொண்டார். 1883இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 150,000 டாலர் ஒதுக்கிக் கிரயம் செய்தது. பத்திரத்தை அரசின் சார்பில் ஏற்றுக்கொண்ட போர்த்துறைச் செயலர் யார் தெரியுமா? ராபர்ட் டாட் லிங்கன், ஆபிரகாம் லிங்கனின் மகன்.

பொதுவாகக் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். இரண்டு பெரிய குடும்பங்கள், ஒரு வழக்கு, சுபம். எனக்கு இந்த முடிவில் திருப்தி இல்லை. காரணம், அந்த மண்ணில், வீட்டைக் கட்டிய கஸ்டிஸுக்கு இன்னொரு மகளும் இருந்தார்.

அவர் பெயர் மரியா. தாய் அரியானா கார்ட்டர், வீட்டில் வேலை செய்த அடிமைப் பெண். மரியா கஸ்டிஸின் மகள் என்பதை மாளிகையைப் பராமரிக்கும் தேசியப் பூங்காத் துறையே இன்று ஏற்றுக்கொள்கிறது. 1821இல் சார்லஸ் சைஃபாக்ஸ் என்ற அடிமையை மரியா மணந்தபோது, திருமணம் அடிமைக் குடிசையில் நடக்கவில்லை, மாளிகைக்குள்ளேயே நடந்தது. சில ஆண்டுகளில் கஸ்டிஸ் மரியாவை விடுவித்து, தோட்டத்தின் ஓரத்தில் 17 ஏக்கரைக் கொடுத்தார். ஆனால் எழுதிக் கொடுக்கவில்லை. வாய்வார்த்தைதான். அந்தக் குடும்பம் அங்கே வீடு கட்டி, உழுது, நாற்பது ஆண்டு போல் வாழ்ந்தது. நம் ஊர்க் கணக்கில் அனுபோகம் உண்டு, பட்டா இல்லை.

1864 ஏலத்தில் அந்த 17 ஏக்கரும் சேர்ந்தே போய்விட்டது. காகிதத்தில் அது ஆர்லிங்டன் தோட்டத்தின் ஒரு பகுதி அல்லவா? குடும்பம் சும்மா இருக்கவில்லை, காங்கிரஸில் மனுப் போட்டது. நியூயார்க் செனட்டர் ஐரா ஹாரிஸ் எழுந்து, கஸ்டிஸுக்கு இந்தப் பெண் மீது ஏறத்தாழத் தந்தைக்குரிய அக்கறை இருந்தது என்று நாசூக்காகச் சொன்னார். சபையில் எல்லாருக்கும் விஷயம் புரிந்திருக்கும். 1866இல் மரியா சைஃபாக்ஸுக்கு நிலத்தைத் திருப்பித் தரும் சட்டம் நிறைவேறியது.

ஆக, உயிலில் பெயர் இருந்த மகள் தன் வீட்டுக்குத் திரும்பாமலே இறந்தார். உயிலும் இல்லாமல் பத்திரமும் இல்லாமல் இருந்த மகளுக்கு, பறித்த இரண்டே ஆண்டில், அந்த 17 ஏக்கர் கையில் வந்தது. ஆர்லிங்டனில் உண்மையிலேயே நிலத்தைத் திரும்பப் பெற்றவர் யார் என்று கேட்டால் நான் மரியாவைத்தான் சொல்வேன்.

இதனால் கறுப்பின மக்களுக்கெல்லாம் நியாயம் கிடைத்ததாக நினைத்துவிட வேண்டாம். கஸ்டிஸின் உயிலில் இன்னொரு பிரிவும் இருந்தது: தம் தோட்டங்களிலிருந்த ஏறத்தாழ 200 அடிமைகளை ஐந்தாண்டுகளுக்குள் விடுவிக்க வேண்டும். உயிலை நிறைவேற்ற வந்த லீ, பேத்திகளுக்கு எழுதிவைத்த பணத்தைச் சம்பாதித்து முடியும்வரை அவர்களை விட மனமில்லாமல் கடைசிக் கெடு வரை வேலை வாங்கினார். 1859இல் தப்பியோடிப் பிடிபட்டவர்களில் ஒருவரான வெஸ்லி நாரிஸ், லீயின் உத்தரவில் தமக்கு விழுந்த சவுக்கடியைப் பற்றி 1866இல் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். கடைசியில் 1862 டிசம்பர் 29 அன்று லீ விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வர அப்போது மூன்று நாள்தான் இருந்தது. அடிமை முறையை மனதார வெறுத்த கனவான் என்று லீயைப் பற்றி யாராவது சொன்னால் இந்தத் தேதிகளைக் கேட்கச் சொல்லுங்கள். 1863இல் அதே தோட்டத்தில், விடுதலை பெற்றவர்களுக்காக அரசு ஒரு குடியிருப்பு கட்டியது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தன. ஒரு தலைமுறைக்கு மேல் அங்கே வாழ்ந்தவர்களை 1900க்குள் முழுவதுமாக அப்புறப்படுத்திவிட்டார்கள்.

லீயை ஏன் தண்டிக்கவில்லை என்று கேட்டீர்கள். தேசத்துரோகக் குற்றச்சாட்டு 1865 ஜூனில் நார்ஃபோக்கில் பதிவானது. தடுத்தவர், போரில் அவரைத் தோற்கடித்த கிராண்ட். வர்ஜீனியாவின் ஆப்பமாட்டாக்ஸில் லீ சரணடைந்தபோது, சொன்னபடி அடங்கி இருந்தால் அரசு தொந்தரவு செய்யாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், என் வாக்கை மீற முடியாது என்றார். 1868 கிறிஸ்துமஸ் அன்று குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் பொதுமன்னிப்பு அளிக்க, வழக்கு மடிந்தது. குடியுரிமை மட்டும் தொங்கலில் கிடந்தது. 1865 அக்டோபரில் லீ கையெழுத்திட்ட விசுவாச உறுதிமொழி எங்கோ கோப்புக்குள் புதைந்து, 1970இல் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. 1975இல் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்டுக் குடியுரிமையைத் திரும்ப அளித்தார். கோப்பு காணாமல் போவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை.

நினைவில்லம் 1955இல் காங்கிரஸ் நிறைவேற்றிய தீர்மானத்தால் வந்தது. வடக்கும் தெற்கும் சகோதரர்கள், இருவருமே வீரர்கள் என்ற சமாதானப் பேச்சு வெள்ளையர்களிடையே பல பத்தாண்டுகளாக வளர்ந்திருந்தது. அந்தச் சமாதானத்தில் அடிமைகளின் பேரப்பிள்ளைகளை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அந்தப் பெயர் இன்றும் இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டியவர் பெயரையாவது வைத்திருக்கலாம்.

இனி, எதைப் பார்ப்பது. மாளிகையின் முன்கூடங்களைச் சீக்கிரம் பார்த்துவிட்டுப் பின்புறம் போங்கள். அங்கே அடிமைகளின் குடியிருப்புகள் இருக்கின்றன. ஓர் அறையின் அளவை நின்று பாருங்கள். செலினா கிரே என்ற பெண் கணவரோடும் எட்டுப் பிள்ளைகளோடும் வாழ்ந்த இடம் அது. மேரி ஊரை விட்டுப் போகும்போது சாவிக்கொத்தை அவரிடம்தான் கொடுத்தார். படைவீரர்கள் வாஷிங்டனின் பொருட்களைத் திருடுவதைக் கண்டதும், செலினா நேராக ஜெனரல் மெக்டவலிடம் போய் முறையிட்டார். மிச்சமிருந்தவற்றை மெக்டவல் பத்திரமாக ஆற்றுக்கு அக்கரையில் காப்புரிமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அந்தப் பொருட்கள் தப்பியது செலினாவால்தான்.

பிறகு 15ஆம் பிரிவில் ஜேம்ஸ் பார்க்ஸின் கல். இதே தோட்டத்தில் அடிமையாகப் பிறந்து, முதல் கல்லறைகளைத் தோண்டி, 1929இல் ராணுவ மரியாதையோடு இங்கேயே புதைக்கப்பட்டவர். மாளிகையைப் பழைய நிலைக்கு மீட்டபோது எந்தச் சுவர் எங்கே இருந்தது, கிணறு எங்கே இருந்தது என்று சொன்னது அவருடைய ஞாபகம்தான். நடக்கத் தெம்பு இருந்தால் 27ஆம் பிரிவுக்கும் போங்கள். பஸ்ஸில் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே இறங்குவதில்லை. கிறிஸ்ட்மன் அங்கேதான். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 3,800 பேருக்கு மேல் அங்கே இருக்கிறார்கள். பல கற்களில் பெயருக்குக் கீழே குடிமகன் என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கும். புதைக்கும் காலத்தில் அவர்களை அப்படி ஏற்க நாடு முழுவதும் தயாராக இல்லை.

கூர்முனைக் கற்கள் 16ஆம் பிரிவில், கிளர்ச்சிப் படையினருடையவை. 1900இல் காங்கிரஸ் அனுமதித்த பின் ஒன்றுகூட்டி, வட்ட வட்டமாகப் புதைத்தார்கள். வடக்கத்தியர் மேலே உட்காரக் கூடாது என்றுதான் முனையைக் கூராக்கினார்கள் என்று தெற்கில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அது வேடிக்கைக் கதை. ஒன்றியப் படையினர் கல்லிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதுதான் அதன் வேலை. அந்த வட்டங்களின் நடுவே 1914இல் வைத்த பெரிய வெண்கலச் சின்னத்தை 2023 டிசம்பரில் அகற்றினார்கள். மறுபடி வைக்கப்போவதாக 2025இல் அறிவித்திருக்கிறார்கள். நீங்கள் போகும் நாளில் நடுவில் என்ன நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.